ஞாயிற்றுக்கிழமை மாலுமி

சொந்தப் படகு வைத்திருக்கும் அண்ணாச்சியைக் கடற்கரையில் கண்டுபிடிப்பது எளிது. எல்லாரும் கடலைப் பார்த்து நிற்பார்கள். அவர் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எஞ்சினுக்குள் தலையை விட்டிருப்பார். கையில் தூண்டில் இருக்காது, ஸ்பேனர் இருக்கும். சட்டையெல்லாம் கிரீஸ். நெற்றியில் திருநீறு, அதற்கு மேலேயும் கிரீஸ்.

இவர் மீனவர் அல்ல. தூத்துக்குடி என்றால் பெரும்பாலும் ஊருக்குள் இரும்புக்கடை வைத்திருப்பார். இல்லாவிட்டால் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருப்பார், அல்லது உப்பளத்தில் பங்கு வைத்திருப்பார். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கடற்கரை நெடுகிலும் ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன அல்லவா? அந்தக் காலத்துப் படகுகளில் வெயிலில் வெளுத்து, ஏழெட்டு இடத்தில் ஒட்டுப் போட்டு, இனிமேல் தொழிலுக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட ஒன்று எப்படியோ இவரிடம் வந்து சேர்ந்திருக்கும். "சும்மா கெடச்ச மாதிரிதான் தம்பி" என்பார். அதற்குப் பிறகு அந்தச் சும்மாவுக்குச் செலவழித்த தொகையை வீட்டில் மட்டும் சொல்ல மாட்டார்.

எனக்குத் தெரிந்த அண்ணாச்சி இரும்புக்கடைக்காரர். ஆகவே கடையில் விலை போகாத சரக்கெல்லாம் படகில் ஏறியிருக்கும். துடுப்பு வைக்கக் கழிவுநீர்க் குழாய்த் துண்டு. சாமான் வைக்கும் வங்கின் மூடிக்குக் கொல்லைப்புறக் கதவுத் தாழ்ப்பாள். உப்புக் காற்றில் எல்லாம் ஆறு மாதத்தில் துருப்பிடித்து உதிரும். "துருப்பிடிக்காத போல்ட்டாப் போட்டா என்ன அண்ணாச்சி?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது நம்ம கடையில நல்லா ஓடுதே தம்பி. விக்கிற சரக்க எதுக்கு எடுக்கணும்?"

படகுக்குத் தன் தாயார் பெயரைச் சூட்டியிருக்கிறார். அதில் ஒரு சங்கடம், என்ன ஆனாலும் படகைத் திட்ட முடியாது. அதனால் பழியெல்லாம் எஞ்சின் மேல் போகும். எஞ்சின் ஜப்பான். "அம்மை நல்லாத்தான் இருக்கா. இந்த ஜப்பான்காரன்தான் சண்டித்தனம் பண்ணுதான்" என்பார். ஓட்டையில் தண்ணீர் ஏறினாலும் ஜப்பான்காரன்தான்.

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகளுக்கு அரசு விதிப்பது. அண்ணாச்சியின் படகுக்கு அது பொருந்தாது. இருந்தும் ஒரு கொள்கையாக அந்த 61 நாளும் படகைத் தொடமாட்டார். எஞ்சிய 304 நாளும் மீன் இனத்துக்கு அவரால் ஒரு குறையும் வந்ததில்லை.

அண்ணாச்சி இனத்துக்கென்று ஒரு கிழமை உண்டு, ஞாயிறு. தூத்துக்குடிக் கடலோரத்தில் ஞாயிற்றுக்கிழமை மீனவர்கள் கடலுக்குப் போவதில்லை. காலையில் தேவாலயத்தில் பூசை, அப்புறம் வீடு, வலை, உறக்கம். அண்ணாச்சிக்கோ கடை அடைப்பு அந்த ஒரு நாள்தான். ஆகக் கடலில் வேறு படகே இல்லாத, கூப்பிட்டால் ஓடிவர ஆளே இல்லாத ஒரு நாளைப் பொறுக்கியெடுத்து அவர் கிளம்புகிறார். "பாத்தீங்களா, கூட்டமே இல்ல. கடல் பூரா நமக்குத்தான்!"

கடல் பூரா எங்களுக்கே கிடைத்த ஓர் ஆடி ஞாயிறைச் சொல்கிறேன். படகில் நான், அண்ணாச்சியின் மச்சினர், அப்புறம் தலை ஆடிக்கு மாமனார் வீட்டுக்கு வந்திருந்த புது மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் கணினி வேலை. கடலுக்கு வர அவர் ஒப்புக்கொண்டதற்கு ஒரே காரணம் கல்யாணமாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மாமனாரிடம் 'வேண்டாம்' என்று சொல்ல இன்னும் பழகவில்லை.

ஆடியில் அடிப்பது கச்சான். மேற்கேயிருந்து வரும் காற்று. கிழக்குக் கரையில் அது படகைக் கரையிலிருந்து கடலுக்குள்தான் தள்ளும். எஞ்சின் ஓடாத படகுக்கு இதைவிடப் பொல்லாத காற்று கிடையாது. நாங்கள் கிளம்பிய திரேஸ்புரம் கரையில் மணலில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வானத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், "மொதலாளி, பத்து மணிக்கு மேல கச்சான் ஏறும்" என்றார். "அதுக்குள்ள பெட்டி நெறைஞ்சிரும் பெரியவரே" என்றார் அண்ணாச்சி.

எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை. அண்ணாச்சி இழுத்தார், மச்சினர் இழுத்தார், நான் இழுத்தேன். மாப்பிள்ளையை மட்டும் மரியாதை கருதி விட்டுவிட்டோம். இந்த எஞ்சின்களில் ஒரு சிவப்புக் கயிறு உண்டு. ஓட்டுகிறவர் கையில் கட்டிக்கொள்ள வேண்டும். அவர் தவறிக் கடலில் விழுந்தால் கயிற்றின் மறுமுனையிலுள்ள கிளிப் பிடுங்கிக்கொண்டு எஞ்சின் தானே நின்றுவிடும். அந்தக் கிளிப்பைச் செருகாமல் நாள் முழுக்க இழுத்தாலும் நெருப்பு வராது. கிளிப் கடைசியில் அண்ணாச்சியின் சட்டைப் பையில், கடைச் சாவிக்கொத்தோடு கிடந்தது. "திருட்டு பயம். அதான் எடுத்து வச்சிருந்தேன்" என்றார்.

கரை விலகி, ஊர் கோடாகச் சுருங்கும்போது மாப்பிள்ளை தன் காலைப் பார்த்தார். தண்ணீர் கணுக்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"மாமா, தண்ணி வருது."

"அது ஐஸ் பெட்டித் தண்ணி மாப்ள."

மாப்பிள்ளை படித்தவர். விரலை நனைத்து நாக்கில் வைத்தார். "உப்புக் கரிக்குது மாமா."

"நம்மூருல ஐஸ்லயே உப்பு போடுவாங்க."

ஊருக்கே உப்பு விற்கும் ஊர் என்பதால் மாப்பிள்ளைக்கு இதை மறுத்துப் பேச முடியவில்லை. உண்மை என்னவென்றால், கரையில் ஏற்றிய படகில் மழைத்தண்ணீர் வடிவதற்காகப் பின்பக்கம் அடியில் ஒரு துளை இருக்கும், அதற்கு ஒரு மூடி இருக்கும். மூடி எங்கே என்று கேட்டோம். பத்திரமாகக் கடையில் இருந்தது. மச்சினர் தன் துண்டைக் கிழித்துத் திணித்தார். பெட்ரோல் கேன் ஒன்றைக் குறுக்கே அறுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் இறைத்துக்கொண்டே இருந்தார், இடையிடையே வாந்தி எடுத்தார். புது இடத்தில் பொறுப்பாக நடந்துகொண்டார் என்றே சொல்ல வேண்டும்.

அப்புறம் எஞ்சின் நின்றது.

இந்த இடத்தில்தான் அண்ணாச்சியின் முழு மேதைமையும் வெளிப்படும். முதலில் பிளக்கைக் கழற்றினார், மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார், கைலியில் துடைத்தார், ஊதினார், மாட்டினார். இழுத்ததும் எஞ்சின் கிளம்பியது. "பிளக்குல அழுக்கு" என்று அறிவித்தார். பத்து நிமிடம் ஓடி மறுபடி நின்றது. இந்தத் தடவை கார்புரேட்டர். ஒரு திருகைத் திறந்து, கண்ணை மூடி யோசித்து, அதே திருகை மூடினார். கிளம்பியது. "கார்புரேட்டர்ல தூசி." மறுபடி நின்றபோது ஆயில் கலவை. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி என்று ஆயில் புட்டியிலேயே போட்டிருக்கிறது. அண்ணாச்சிக்குக் கண் அளவுதான். கொஞ்சம் ஊற்றிக் குலுக்கினார், அதற்கும் கிளம்பியது. ஒவ்வொரு தடவையும் ஒரு புது நோய், ஒவ்வொரு தடவையும் பூரண குணம். இப்படி ஒரு வைத்தியரைக் கடல் கண்டிருக்காது.

இதற்கிடையே மீன் பிடிக்கவும் செய்தோம். மீன் காட்டும் கருவி ஒன்று வாங்கி வைத்திருந்தார். திரை முழுக்க மீன். "பாருங்க, பார் மேல நிக்கோம். விளைமீன் கெடக்கு, எல்லாம் கைநீளம்!" தங்கூசி நரம்பின் கொக்கியில் நல்ல இறாலைக் குத்தி இறக்கினோம். அந்தக் கருவிக்குப் பாசிக்கும் மீனுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது என்பது கொக்கியில் கொத்துக் கொத்தாகப் பாசி ஏறியபோது புரிந்தது. ஒரே ஒரு கெளுத்தி மாட்டியது. கழற்றப் போன மச்சினர் கையில் முள்ளை ஏற்றிவிட்டு அதுவும் கடலுக்கே போய்விட்டது. இரைக்கு வாங்கிய இறாலை வீட்டில் கொடுத்திருந்தால் நாலு பேர் சாப்பிட்டிருக்கலாம் என்று மச்சினர் முனகினார், விரலைச் சப்பிக்கொண்டே.

மணி பத்தானது. கச்சான் ஏறியது. அண்ணாச்சியின் மருந்துகள் தீர்ந்த நேரமும் அதுதான். ஆயில் அதிகமாகி எஞ்சின் புகைந்து படுத்துவிட்டது. கரையிலிருந்த உப்புக் குவியல்கள் மெல்ல மெல்லச் சிறுத்தன. "கொழும்புப் பக்கம் தள்ளுதோ?" என்று மாப்பிள்ளை கேட்டார். பாஸ்போர்ட்டை நினைத்திருப்பார் போலிருக்கிறது.

"நங்கூரத்தப் போடுவோம்" என்று எழுந்தார் அண்ணாச்சி. நல்ல நங்கூரம். அவரே அடித்து வாங்கியது. புத்தம் புது நீல நைலான் கயிறு. படகின் முன்பக்க அணியத்தில் ஏறி நின்று, சினிமாவில் வருவதுபோல் ஒரு சுழற்றுச் சுழற்றி வீசினார். கயிறு சரசரவென்று இறங்கியது. சுருள் சுருளாக அவிழ்ந்து ஓடியது. நாங்கள் எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசிச் சுருள் பலகையைத் தாண்டியபோது கயிற்றின் நுனி ஒரு துள்ளுத் துள்ளி, நங்கூரத்தின் பின்னாலேயே கடலுக்குள் போய்விட்டது. அதைப் படகில் யாரும் கட்டவில்லை.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஓங்கல் என்கிற டால்பின்கள் இரண்டு, பக்கத்தில் தலைதூக்கிப் பார்த்துவிட்டுப் போயின.

"சரி" என்றார் அண்ணாச்சி. "ஆழம் எவ்வளவுன்னு தெரிஞ்சுபோச்சு."

லைஃப் ஜாக்கெட் எங்கே என்று அப்போதுதான் எல்லாருக்கும் கேட்கத் தோன்றியது. இருந்தது. வங்குக்குள், வாங்கிய பாலித்தீன் உறையோடு. பிரித்தால் அழுக்காகிவிடும் என்று வைத்திருந்தாராம். உறையைப் பல்லால் கடித்துக் கிழித்த பெருமை மாப்பிள்ளையைச் சேரும்.

நல்லவேளை, செல்போனில் சிக்னல் இருந்தது. கடைக்கு வாடிக்கையான ஒரு சம்மாட்டியை, அதாவது படகு முதலாளியைக் கூப்பிட்டார். மறுமுனையில் பாட்டுச் சத்தம். அவர் கிசுகிசுப்பாகப் பேசினார். "மொதலாளி, கோயில்ல நிக்கேன். நன்மை வாங்கிட்டு வந்திருதேன்." அவர் நன்மை வாங்கி, சட்டையை மாற்றி, படகு இறக்கி வந்து சேரும்வரை நாங்கள் கிழக்கே போய்க்கொண்டிருந்தோம்.

வந்தவரோடு மீசை அரும்பாத ஒரு பையனும் வந்தான். எங்கள் படகில் தாவியவன் எஞ்சினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே பெட்ரோல் டேங்குக்குப் போனான். அது பட்டினி கிடந்த வயிறுபோல் உள்ளே ஒட்டிக் கிடந்தது. மூடியின் மேல் ஒரு சின்னத் திருகு. இரண்டு விரலால் இடப்பக்கம் சுற்றினான். 'சீ' என்று காற்று உள்ளே போக, டேங்க் பழையபடி உப்பியது. அவ்வளவுதான் விஷயம். பெட்ரோல் வெளியே வர வேண்டுமானால் காற்று உள்ளே போக வேண்டும். அந்தத் திருகைத் திறக்காவிட்டால் எஞ்சின் கொஞ்ச நேரம் உறிஞ்சிப் பார்த்துவிட்டு நின்றுவிடும். ஆறப் போட்டால் மூடி இடுக்கில் கொஞ்சம் காற்று கசியும், மறுபடி கொஞ்சம் ஓடும். அண்ணாச்சி பிளக்கைத் துடைத்ததும் கார்புரேட்டர் திருகைத் திறந்து மூடியதும் அந்தக் காற்று கசிவதற்கான அவகாசம் மட்டுமே. பையன் புகைந்த பிளக்கையும் ஒருமுறை உலர்த்தி மாட்டினான். ஒரே இழுப்பில் எஞ்சின் கிளம்பியது.

"இதத்தான் நான் காலையிலேருந்து நெனச்சுக்கிட்டே இருந்தேன்" என்றார் அண்ணாச்சி.

ஆனாலும் அந்த எஞ்சினை நம்ப அவரைத் தவிர யாரும் தயாராக இல்லை. கயிறு கட்டி இழுத்துத்தான் வந்தார்கள். கரையில் ஆள் நடமாட்டம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் அண்ணாச்சி கையைத் தூக்கினார். "இந்த எடத்துல அவுத்து விட்டுருங்க." சம்மாட்டி சிரிக்காமல் அவிழ்த்துவிட்டார். திரேஸ்புரத்தில் யாரும் அண்ணாச்சியைப் பார்த்து முகத்துக்கு நேரே சிரிக்க மாட்டார்கள். பாதிப் பேருக்கு அவர் கடையில் பாக்கி இருக்கிறது. போல்ட்டும் கயிறும் பெயின்டும் கடனுக்குக் கொடுத்து, மீன் பட்ட பிறகு வாங்கிக்கொள்கிறவர். மழைக்காலத்தில் கேட்கவே மாட்டார். கட்டி இழுத்ததற்கு அவர்களும் கூலி கேட்டதாக நான் பார்த்ததில்லை. அவர்கள் கணக்கு அவர்களுக்கு.

சாயங்காலம் டீக்கடையில் நடந்த கதை வேறு. கச்சான் பேயாக அடித்ததாம், நங்கூரக் கயிறு அறுந்ததாம், அந்த நேரத்திலும் மாப்பிள்ளையைப் பத்திரமாகக் கரை சேர்த்துவிட்டாராம். செவ்வாய்க்கிழமை அலை பனை உயரம் எழும்பியது. அடுத்த ஞாயிறுக்குள் சுறா வந்துவிட்டது. மாப்பிள்ளை எதையும் மறுக்கவில்லை. பெங்களூரில் அவரும் இதையே சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

வீட்டில் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் கடலுக்குப் போகிற ஞாயிறென்றால் அண்ணாச்சி வீட்டம்மா விடிவதற்குள் ஆள் அனுப்பி ஆட்டுக்கறி எடுத்துவிடுவார். நாங்கள் வந்து சேர்ந்தபோது குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

இவர் தூத்துக்குடிக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்க வேண்டாம். பழவேற்காட்டிலும் இருக்கிறார், அங்கே ஏரி சராசரியாக இடுப்பளவு ஆழம்தான், படகு நின்றால் இறங்கித் தள்ளிக்கொண்டே வந்துவிடலாம். சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் இருப்பவர் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டிருப்பார், டேங்க் மூடித் திருகு அவருக்கும் தெரியாது.

உங்களுக்கும் ஒரு சனிக்கிழமை ராத்திரி போன் வரும். மறுக்க மனம் வராது, ஆள் தங்கமானவர். போய்விட்டு வாருங்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே உறை பிரித்து மாட்டிக்கொள்ளுங்கள். கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரக் காவல் போலீசுக்கு 1093. இரண்டு எண்ணையும் உங்கள் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். அவர் போனில் சார்ஜ் இருக்காது.