அரிப்புக்கு அட்மிஷன் கிடையாது

தமிழ்நாடு அரசு எனக்கு மாதாமாதம் மருத்துவப்படி என்று 300 ரூபாய் கொடுக்கிறது. 2022 ஜூலையிலிருந்து மருத்துவக் காப்பீட்டுக்கு என்று 497 ரூபாய் பிடித்துக்கொள்கிறது. ஆக, என் உடம்பு நன்றாக இருப்பதற்காக மாதம் 197 ரூபாய் நான்தான் அரசுக்குக் கொடுத்துவருகிறேன். பொதுப்பணித் துறையில் கணக்குப் பிரிவிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் கண்ணில் இந்தக் கழித்தல் படாமல் போகாது. போகட்டும், நான்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம், சில கடுமையான வியாதிகளுக்குப் பத்து லட்சம் வரை என்கிறார்களே, பெரிதாக ஏதாவது வந்தால் ஆகும் என்று இருந்தேன்.

வந்தது பெரிதாக இல்லை. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு, இடுப்பில் வேட்டிக்கட்டு இறுக்கும் இடத்தில், வட்டமாக.

மே மாதம், மயிலாப்பூர், மாடவீதி வெயில். நாணயம் ஐந்து ரூபாயானது, பத்து ரூபாயானது. "என்னங்க, ராத்திரி பூரா எலி பரணைச் சுரண்டற மாதிரி சத்தம்" என்று மனைவி புகார் சொன்னதும், காப்பீட்டு அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தி.நகருக்குக் கிளம்பினேன்.

தி.நகரில் இன்று நகைக்கடைக்கு அடுத்தபடி பளபளப்பது தோல் கிளினிக்தான். பாண்டி பஜாரை ஒட்டிய தெருவில் ஒன்றுக்குள் நுழைந்தேன். சுவரெல்லாம் பாதி கறுப்பு, பாதி வெள்ளையாக ஒரே பெண்ணின் முகம். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் நிமிர்ந்து, "ஸ்கின்னா, ஹேரா, ஸ்லிம்மிங்கா சார்?" என்றார். கேட்டுக்கொண்டே என் தலையைப் பார்த்தவர், பதிலுக்குக் காத்திராமல் 'ஹேர்' என்று டிக் அடித்துவிட்டார்.

"அரிப்பும்மா."

"ஓ, ஸ்கின்." டிக்கை அடித்துத் திருத்தினார். "கன்சல்டேஷன் 900."

அட்டையை நீட்டினேன். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், பக்கத்தில் இருந்த பெண்ணிடமும் காட்டினார். இருவரும் அதைக் கல்யாண வீட்டு மொய்க்கவர் போல மரியாதையாக என்னிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

"இன்சூரன்ஸ் இல்லை சார். ஆனா இஎம்ஐ இருக்கு."

"அரிப்புக்கா?"

"லேசருக்கு சார். பீலிங்குக்கும் உண்டு. உங்களுக்கு ஃபேஸுக்கு ஏதாவது..."

என் முகத்தைத் தவணையில் அடைக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. வெளியே வந்து அட்டையின் பின்னால் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எந்த ஆஸ்பத்திரியில சார் அட்மிட் ஆகியிருக்கீங்க?"

"ஆகலைம்மா. நடேசன் பார்க்குல உட்கார்ந்திருக்கேன்."

"அப்போ கவர் ஆகாது சார். அட்மிட் ஆனா சொல்லுங்க."

விஷயம் இவ்வளவுதான். நம் நாட்டில் அரசுக் காப்பீடானாலும் தனியார் காப்பீடானாலும் பெரும்பாலும் கட்டிலைப் பார்த்துத்தான் காசு கொடுக்கும். ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். பொதுவாக 24 மணி நேரமாவது படுக்க வேண்டும். தோல் டாக்டரோ அநேகமாக யாரையும் படுக்க வைக்காதவர். பார்ப்பார், தொடுவார், எழுதிக்கொடுப்பார், அனுப்பிவிடுவார். பர்சில் கைவிட வைப்பது ஃபீஸும், மூன்று வாரத்து மாத்திரையும், விரல் நீளக் களிம்பும்தான். அதில் ஒன்றுகூடக் காப்பீட்டின் கண்ணுக்குத் தெரியாது.

அடையாறில் இருக்கும் தங்கை, "அப்பா வி.எச்.எஸ்.ஸுக்குச் சந்தா கட்டிட்டிருந்தாரே, ஞாபகம் இருக்கா?" என்றாள். டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958-இல் ஆரம்பித்த வாலன்டரி ஹெல்த் சர்வீசஸ். அப்போது வருமானத்துக்குத் தக்கபடி குடும்பம் ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். வியாதி வரும்வரை காத்திராமல் வருடம் ஒருமுறை எல்லோரையும் பரிசோதிப்பார்கள். இன்சூரன்ஸ் ஏஜெண்டுகள் வீட்டு வாசலுக்கு வருவதற்கு எத்தனையோ வருடம் முன்பே, படுக்காத நோயாளியைப் பற்றியும் யோசித்த மனிதர். அந்தக் காலத்தில் எனக்கு அரிக்கவில்லை.

எங்கள் குடியிருப்பில் யாருக்கு என்ன வழி என்று விசாரித்தேன். மூன்றாம் மாடிக்காரர் தேனாம்பேட்டை ஏ.ஜி. ஆபீசில் ஓய்வு பெற்றவர். மத்திய அரசு, சி.ஜி.எச்.எஸ். அட்டை. அவர்களுக்கு டிஸ்பென்சரி உண்டு, அங்கே எழுதிக் கொடுத்தால் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையில் ஸ்பெஷலிஸ்டையும் பார்க்கலாம். அப்படிப் பார்க்கும் டாக்டருக்கு மத்திய அரசு கொடுக்கும் ஃபீஸை 2023 ஏப்ரலில்தான் 150 ரூபாயிலிருந்து 350 ஆக்கினார்கள். பாண்டி பஜாரில் 900 வாங்குபவர் இந்தப் பட்டியல் பக்கம் தலைவைத்துப் படுக்காததில் ஆச்சரியம் என்ன? மூன்றாம் மாடிக்காரருக்கும் முழங்காலுக்குப் பின்னால் ஒரு வட்டம். "2024லேருந்து எழுபது வயசானா ரெஃபரல் வேண்டாம் சார், நேரா போகலாம். எனக்கு அறுபத்தொன்பது. தைக்கு எழுபது" என்றார். தை வரை சொறிந்துகொண்டு காத்திருக்க அவர் தயார். அதுவரைக்கும் என்று ஒரு ட்யூபைக் காட்டினார். மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் கொடுத்ததாம். "மூணாம் நாளே போயிடும் சார். நிறுத்தினா மட்டும் திரும்பி வரும்."

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. 2009-இல் கலைஞர் பெயரில் வந்து, 2012-இல் புது உருவம் எடுத்த திட்டம்; ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு. அவர் கணவருக்கு அந்த அட்டையில்தான் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள், கைக்காசு செலவில்லாமல். அந்தத் திட்டத்தைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகும். ஆனால் அரிப்பு என்றதும் அவர் சிரித்துவிட்டார். "இதுக்கெல்லாம் யாரு சார் கார்டைத் தூக்கிட்டுப் போவாங்க? ராயப்பேட்டைக்குப் போய்ச் சீட்டு வாங்குங்க."

எல்லோரிலும் வசதியானவர் எங்கள் வாட்ச்மேன். சம்பளம் 14,000. செக்யூரிட்டி கம்பெனி ஈ.எஸ்.ஐ.க்கு அவர் பங்காக 0.75 சதவீதம், அதாவது 105 ரூபாய் பிடிக்கிறது, மேற்கொண்டு 3.25 சதவீதம் கம்பெனி பங்கு. 1948-ஆம் வருடத்துச் சட்டத்தில் பிறந்த திட்டம். அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் தொழிலாளிக்குக் காய்ச்சலும் அரிப்பும் வரும் என்பதைக் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். டிஸ்பென்சரியில் காட்டலாம், அங்கிருந்து கே.கே. நகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், டாக்டர், மாத்திரை, களிம்பு எல்லாம் அதற்குள்ளேயே. படுக்க வேண்டிய அவசியமே இல்லை. ஐந்து மாடிக் கட்டடத்தில் தோலுக்கு முழு உத்தரவாதம் உள்ள ஒரே மனிதர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். சம்பளம் 21,000-க்கு மேல் போனால்தான் இந்தப் பாக்கியம் பறிபோகும்; அந்த அபாயம் தனக்கு இல்லை என்றார்.

"எனக்கும் ஏதாவது வழி இருக்காப்பா?"

"நைட் ஷிஃப்ட் ஒண்ணு காலியா இருக்கு சார். சூப்பர்வைசர்கிட்ட சொல்லட்டுமா?"

கடைசியில் ராயப்பேட்டை அரசு மருத்துவமனைதான். 1911-லிருந்து அங்கேதான் இருக்கிறது. என் வீட்டிலிருந்து ஆட்டோகூடத் தேவையில்லை. ஓ.பி. சீட்டு வாங்கி, தோல் பிரிவு பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்து, உள்ளே போனேன். மேல்படிப்பு படிக்கும் பெண், என் பேத்தி வயது இருக்கும். வட்டத்தைப் பார்த்தார். பிளேடின் மழுங்கிய பக்கத்தால் ஓரத்தை லேசாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் உதிர்த்து, ஒரு சொட்டு மருந்து விட்டு மைக்ராஸ்கோப்புக்கு அனுப்பினார்.

"என்ன க்ரீம் போட்டீங்க?"

"ஒண்ணும் போடலை."

"மெடிக்கல்ல வாங்கி?"

"இல்லைம்மா."

"பக்கத்து வீட்டுல குடுத்தது?"

"சத்தியமா இல்லை."

பேனாவைக் கீழே வைத்தார். "மேடம், கொஞ்சம் வாங்களேன்" என்று பேராசிரியரைக் கூப்பிட்டார். பேராசிரியர் வந்தார். அவருக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டுகளாக மாணவர்கள் வந்தார்கள். என் இடுப்பைச் சுற்றி ஒரு வகுப்பே கூடிவிட்டது.

"பாருங்க, ஓரம் சிவந்து எழும்பியிருக்கு, நடுவுல தெளிஞ்சிருக்கு. புத்தகத்துல போட்டிருக்கிற படர்தாமரை இதுதான். இப்பெல்லாம் இப்படிக் கண்ணால பார்க்கவே முடியறதில்லை."

காரணமும் சொன்னார். கடையில் சீட்டில்லாமல் கொடுக்கும் களிம்பில் பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே கடுமையான ஸ்டீராய்டு ஒன்று என்று மூன்றையும் கலந்து வைத்திருக்கிறார்கள். ஸ்டீராய்டு அரிப்பை அமுக்கும், பூஞ்சை உள்ளே செழிக்கும். படை உருமாறி, வட்டத்துக்குள் வட்டம் போட்டு, டாக்டருக்கே அடையாளம் தெரியாமல் போய்விடும். 2018-இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. மூன்றாம் மாடிக்காரரின் மெடிக்கல் ஷாப்புக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

ஒரு மாணவர் போட்டோ எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டார். "முகம் வராது சார்" என்றார். பொதுப்பணித் துறையில் இருந்த காலம் முழுக்க எந்தப் பக்கமும் போட்டோவில் வராதவன் நான். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றேன்.

மாத்திரை, களிம்பு, எல்லாம் அங்கேயே இலவசம். அட்டையை யாரும் கேட்கவில்லை. வட்டம் மறைந்தாலும் சொன்ன நாள்வரை மருந்தை நிறுத்தக் கூடாது, துண்டு தனி, துணியை நன்றாக வெயிலில் காய வைக்க வேண்டும், வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் அவர்களையும் அழைத்து வர வேண்டும்.

வீட்டுக்கு வந்து மாணவர் கூட்டத்தைச் சற்று விரிவாகவே வர்ணித்தேன். மனைவி கேட்டுக்கொண்டு, "எனக்கும் கணுக்கால்ல கொஞ்ச நாளா இருக்குங்க" என்றாள்.

அடுத்த ஓ.பி. நாளில் அதே அறை, அதே பெண் டாக்டர். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, ஆவலோடு மனைவியின் காலைக் குனிந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

"என்ன க்ரீம் போட்டீங்கம்மா?"

மனைவி கைப்பையைத் திறந்து மூன்று ட்யூபுகளை ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தாள். "இது மூணாவது மாடி சார் குடுத்தது. இது அவர் சம்சாரம் குடுத்தது. இது சீக்கிரம் கேக்கும்னு கடைக்காரரே குடுத்தது."

டாக்டர் யாரையும் கூப்பிடவில்லை.