வஞ்சரத்துக்குக் கீழ ஒரு முடி

இங்க வா பேராண்டி, அந்த போன இப்டி காட்டு. கருவாட்டு பாக்கெட்டுக்கு லோகோ பண்ணிக்கீறியாமே, காசிமேடே அத்தத்தான் பேசுது. அடடா, வஞ்சரம் சோக்கா கீதுப்பா! தடி தடியா கோடு, வால் அடிக்கிற அடியில என் மூஞ்சில தண்ணி தெறிக்குது. கீழ இன்னா, முடி வுழுந்துகீதா? ஓ, அதான் பேரா! மன்னிச்சுக்கோ, கண்ணாடி போடல.

போட்டாலும் தெரியல. நெளி நெளியா, நூலு கணக்கா, கல்யாணப் பத்திரிகையாட்டம் கீது. வர்றவன் கருவாடு வாங்காம மொய் வெச்சுட்டுப் போவான். நமக்கு லாபந்தான்.

நான் படிக்காதவன், சொல்றேன், கேட்டா கேளு. 1946ல நம்ம திருவொத்தியூர்ல ஒரு கொட்டாயில பலூன் பண்ணிக்கினு இருந்ததுதான் இந்த எம்ஆர்எஃப். அப்பால டயருக்கு வந்து, 1964ல ஒரு பயில்வான இட்டாந்தாங்க, டயர தலைக்கு மேல தூக்கிக்கினு. கூட கீற மூணு எழுத்தும் அவன மாதிரியே கொழுத்த எழுத்து. உன் நூலெழுத்த அங்க வெச்சுப் பாரு, பாவம், பயில்வான் டயர கீழ போட்டுட்டு எழுத்தத் தாங்கிப் புடிக்க ஓடுவான்.

மெல்லிசே ஆகாதுன்னு சொல்லல. அதே திருவொத்தியூர்ல பண்ண புல்லட்டு டேங்குல தங்கக் கோடு பாத்துக்கீறியா? கையாலயே இழுக்குறது, மூச்ச அடக்கிக்கினு. ஆனா அத்த யாரும் எழுத்துக் கூட்டிப் படிக்க வாணாம்.

போட்டுக்கு பேரு எழுதுற பெயிண்டரு இன்னா பண்றான்? மீன வரைஞ்ச ப்ரஷ்ஷாலயே பேரையும் எழுதிடுவான். ரெண்டும் ஒரு வயித்துப் புள்ளைங்களாட்டம் நிக்கும். உன் வஞ்சரத்து முதுகுக் கோடு எவ்ளோ தடிமனோ, எழுத்தையும் அவ்ளோ வெச்சுப் பாரு.

அதுக்குன்னு கொழுக்க வெச்சுக்கினே போவாத. பேரு 'எண்ணூர் கருவாடு'. 'ண்ணூ'வுல மட்டும் ஆறு சுழி, மேல ஒரு புள்ளி. பாக்கெட்டுல சின்னதா அடிச்சா சுழியெல்லாம் மை ரொம்பி அடைஞ்சுக்கும், புள்ளியும் தலையில ஒட்டிக்கும்.

கட்டவெரல் அளவுக்கு ஒரு பிரிண்ட் எடுத்து ஆயா கையில குடு. பஸ் போர்டுல அவ படிக்கிற ஒரே பேரு எண்ணூரு, பொறந்த ஊராச்சே. படிச்சிட்டான்னா அச்சுக்கு அனுப்பு. நீ இப்ப வெச்சுக்கீற நூலெழுத்த மட்டும் காட்டிடாத, முந்தானையால தொடச்சுக்கினே இருப்பா.