இருட்டில் ஊறும் மருந்து

கேள்வி: எனக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. அமெரிக்காவில் இருக்கும் மகன், ‘மெலடோனின் உடம்பின் துருவை எடுக்கும் ஹார்மோன்’ என்று ஒரு டப்பா அனுப்பியிருக்கிறான். போடலாமா?
– வாசகர், பிரம்மதேசம், விழுப்புரம் மாவட்டம்

பதில்: துரு என்பது பொருத்தமான சொல்தான் ஐயா. ரத்தத்தில் சர்க்கரை மிஞ்சினால் செல்லுக்குள் எரியும் அடுப்பு புகைய ஆரம்பிக்கிறது. கண், சிறுநீரகம், பாத நரம்பு எல்லாவற்றையும் அரிப்பதில் அந்தப் புகைக்குப் பெரிய பங்கு உண்டு. 1958-இல் ஆய்வாளர் ஆரோன் லெர்னர் மாட்டின் பினியல் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்த மெலடோனினுக்கு இந்தப் புகையை அடக்கும் குணம் இருப்பது 1993-இல் தெரிந்தது. சர்க்கரை வரவழைத்த எலிகளிடம் நன்றாகவே வேலை செய்தது. எலிக்குப் பரோட்டாவும் இல்லை, பொங்கலுக்கு வரும் சம்பந்தியும் இல்லை! மனிதர்களிடம் நடந்த சிறிய சோதனைகள் ஒரே முடிவைச் சொல்லவில்லை.

உங்கள் மகனுக்கு இதையும் சொல்லுங்கள்: மெலடோனின் கணையத்தில் இன்சுலின் சுரப்பைத் தணிக்கவும் செய்கிறது. மெலடோனின் ஏற்பி மரபணுவின் ஒரு வகைக்கும் நீரிழிவுக்கும் தொடர்பு இருப்பது 2009-இல் வெளியானது. மெலடோனின் சுரக்கும் நேரத்தில், ராத்திரி பத்து மணிக்குமேல், வயிறு நிறையச் சாப்பிட்டால் சர்க்கரை எளிதில் இறங்காது.

இந்த ஹார்மோனை இருட்டு இலவசமாகவே தருகிறது. செல்போன் வெளிச்சம்தான் தடுக்கிறது. ஏழரைக்குள் சாப்பிட்டு, ஒன்பதரைக்குப் போனை அணையுங்கள். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் வீட்டு வாசலுக்கே கொண்டுவரும் சர்க்கரை மாத்திரையை மட்டும் ஒருநாளும் நிறுத்தாதீர்கள். டப்பாவைப் பிரிக்காமல் உங்கள் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.