எழுதியதற்குக் கூலி

தொண்ணூறுகளில் மதுரையில் எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு ரயில் நிலையத்து ஆர்.எம்.எஸ். தபால்பெட்டி நன்றாகப் பழக்கம். தெருப் பெட்டியில் கட்டு எடுத்துவிட்டாலும் அங்கே போய்ப் போட்டால் கதை அன்றிரவே சென்னைக்கு ரயிலேறிவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. தாளின் ஒரு பக்கம் மட்டும், இடது ஓரம் விட்டு, வரிகளுக்கிடையே இடைவெளி விட்டு எழுத வேண்டும். கார்பன் பிரதி நமக்கு. கூடவே சுயவிலாசமிட்டு ஸ்டாம்ப் ஒட்டிய உறை ஒன்று. பெரும்பாலும் அந்த உறைதான் திரும்பி வரும்.

எப்போதாவது கதை அச்சாகும். அப்புறம் ஒன்றிரண்டு மாதம் கழித்து, சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தபால்காரர் குரல் கொடுப்பார்: "சார், மணியார்டர்." கையெழுத்து வாங்கிக்கொண்டு நோட்டை எண்ணித் தருவார். நூறு, மிஞ்சினால் நூற்றைம்பது. படிவத்தின் அடித்துண்டில் கதையின் பெயரும் இதழின் தேதியும் இருக்கும். பணம் மளிகைக் கடைக்குப் போகும். துண்டு பெட்டிக்குள் போகும். சன்மானம் வராமலே போனதும் உண்டு. அதைக் கேட்டுக் கடிதம் போடுவது எழுத்தாளனுக்கு அழகில்லை என்று எங்கள் வட்டத்தில் எல்லோருமே நினைத்தோம்.

பழைய முறை மணியார்டரை அஞ்சல்துறை 2015-இல் நிறுத்திவிட்டது. இன்று திருமங்கலத்தில் இருக்கும் என் அண்ணன் மகள், பிள்ளைகள் தூங்கிய பிறகு மடிக்கணினியைத் திறக்கிறாள். பகலில் பள்ளிக்கூட வேலை. இரவில் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு அவர்கள் விற்கும் பொருள்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கிறாள். "மெத்தை நாலு சைஸ்ல இருக்கு சித்தப்பா. நாலுக்கும் தனித்தனியா எழுதணும். ஒண்ணுல வந்த வரி இன்னொண்ணுல வரக்கூடாது" என்றாள். ஃபைவர் என்ற இணைய வேலைத் தளத்தில் வரும் வேலை என்றால் நூறு டாலருக்கு இருபது டாலர் கமிஷன் போய்விடும். மீதி வங்கிக்கு வந்ததும் செல்போனில் செய்தி வரும். அவள் பெயர் மட்டும் எங்கேயும் வராது.

பெயரில்லாமல் எழுதிக் கொடுப்பது மதுரைக்குப் புதிதில்லை. தருமிக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர் சொக்கநாதர். பொற்கிழி போனது தருமிக்கு. ஆவணி மூலத் திருவிழாவில் அந்த லீலையை மீனாட்சியம்மன் கோவிலில் வருஷந்தோறும் நடத்துகிறார்கள். சுவாமிக்குக் கூலி வேண்டியதில்லை. எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு வேண்டும்.

கூலி வாங்காமல் எழுத்துக்கு உழைத்தவர்களை நான் வணங்குகிறேன். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் இருந்த தமிழர்கள் சங்கப் பாடல்களையும் காப்பியங்களையும் தட்டச்சு செய்து, யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்று இணையத்தில் வைத்தார்கள். அது அவர்களாக மனமுவந்து கொடுத்த கொடை. கேட்க வாயில்லாதவனிடம் எழுதி வாங்கிக்கொண்டு கூலி தராமல் இருந்துவிடுவதைக் கொடைக் கணக்கில் சேர்க்க முடியாது.

தமிழில் எழுதி இணையத்தில் காசு பார்க்கும் வழி தாமதமாகத்தான் திறந்தது. அமேசானின் கிண்டிலில் தமிழ் நூல்கள் 2016 கடைசியில் வந்தன. தமிழ்ப் பக்கங்களுக்கு கூகுள் ஆட்சென்ஸ் விளம்பரம் 2018-இல் வந்தது. கிண்டிலில் நாமே வெளியிடும் நூலுக்கு, சேரும் திட்டத்தையும் வைக்கும் விலையையும் பொறுத்து 35 அல்லது 70 சதவீதம் ராயல்டி. இதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. ஆனால் எத்தனை பிரதி விற்றது என்ற கணக்கு எழுதியவரின் கண் முன்னால் இருக்கிறது. எங்கள் காலத்தில் அந்தக் கணக்கைப் பார்த்தவர்கள் குறைவு.

2022 நவம்பர் கடைசியில், கேட்டதை எழுதித் தரும் சாட்ஜிபிடி வந்தது. மெத்தை வேலை மெல்லக் குறைந்தது. எந்திரம் எழுதியதைத் திருத்தித் தரச் சொல்லிப் பாதி விலை பேசினார்கள். அந்தச் சமயத்தில் சேலை வியாபாரி ஒருவர் சுங்குடிச் சேலையைப் பற்றி எழுதித் தரக் கேட்டார். அண்ணன் மகள் முடிச்சுப் போடும் வீடு ஒன்றில் போய் உட்கார்ந்தாள். துணியை நகத்தால் கிள்ளி எடுத்து நூலைச் சுற்றி இறுக்குவதையும், சாயம் ஏறிக் காய்ந்த பிறகு துணியை இழுக்க, முடிச்சுகள் தெறித்து வெள்ளைப் புள்ளிகள் பூப்பதையும் பார்த்துவிட்டு எழுதினாள். அதுவரை கேட்டதிலேயே கூடுதல் தொகை கேட்டாள், கிடைத்தது. போய்ப் பார்த்து எழுதுவதற்கு இன்றும் மதிப்பு இருக்கிறது.

வேலையைத் தொடங்கும் முன்பே அவள் மூன்றைப் பேசி, எழுத்தில் வாங்கிவிடுகிறாள்: எத்தனை வார்த்தை, என்ன தொகை, எத்தனை முறை திருத்தித் தர வேண்டும். நாங்கள் கேட்கக் கூசியதை இவள் கூசாமல் கேட்கிறாள். எழுத்து அதனால் ஒன்றும் தாழ்ந்துவிடவில்லை.

எழுத வரும் இளைஞர்களுக்குச் சொல்கிறேன். மாதச் சம்பள வேலையை விட்டுவிடாதீர்கள்; இது மேல்வருமானம்தான். வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவன் வேலை தரப்போவதில்லை. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன் செய்யுங்கள். எழுதும் முன் விலையைப் பேசுங்கள், எழுதி முடித்ததும் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உழைப்பின் கூலி.