ரசிகர் இயல்: இங்கிலாந்துக் கால்பந்து அடியாரின் நிர்வாகக் கோட்பாடும் டிக்கெட் நெறியும்

இங்கிலாந்துக் கால்பந்து ரசிகரின் சிந்தனை இரு பெரும் பகுப்புடையது. கிளப்பை எப்படி நடத்த வேண்டும் என்பது ஒன்று. அந்தக் கிளப்பின் ஆட்டத்தைப் பார்க்க டிக்கெட் எப்படி வாங்குவது என்பது மற்றொன்று. முன்னதில் அவர் ஆசான், பின்னதில் இரவலர். ஒரே தலைக்குள் குடியிருந்தும் இவ்விரு சாத்திரங்களும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை என்பது இத்துறையின் அடிப்படை விதி. விதிவிலக்கு ஒன்று உண்டு. அது உரிய இடத்தில் கூறப்படும்.

மூலங்கள்

இத்துறைக்கு ஏட்டுச் சான்று குறைவு, வாய்மொழிச் சான்று அளவிறந்தது. அது பெரும்பாலும் இடைவேளையில், இறைச்சி அடைத்த 'பை' என்னும் பண்டம் வாங்கும் வரிசையில் பிறக்கிறது. ஆகவே எந்தக் கோட்பாடும் பதினைந்து நிமிடத்துக்குள் நிறுவப்பட்டாக வேண்டும். இன்னார் சொன்னதாக இன்னொருவர் சொன்னதை மூன்றாமவர் எடுத்துக்காட்டுவார். முதலில் சொன்னவரை யாரும் பார்த்ததில்லை. இதைக் குறையென்பாரும் உளர். பல்கலைக்கழகத்தில் இதையே அடிக்குறிப்பாகப் போட்டால் முனைவர் பட்டம் தருகிறார்கள்.

உரிமையாளர் வகை

உள்ளூர் முதலாளி: அருகிவிட்ட இனம், மறைந்த பிறகே போற்றப்படுவார்.

கடன்வழி முதலாளி: 2005-இல் கிளேசர் குடும்பம் மான்செஸ்டர் யுனைடெட்டை வாங்கியபோது, வாங்குவதற்காகப் பட்ட கடனில் பெரும்பகுதி கிளப்பின் தலையிலேயே ஏறியது. பெண் எடுக்க வந்தவர் கல்யாணச் செலவைப் பெண்ணின் பேரிலேயே கடனாக எழுதிவைத்தாற்போல என்க. பொறுக்கமாட்டாத ரசிகர் சிலர் அதே ஆண்டில் எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று தனிக் கிளப்பே தொடங்கிவிட்டனர். எஞ்சியோரில் பலர் 2010-இல் பச்சையும் பொன்னிறமும் கலந்த கழுத்துத் துண்டு அணிந்து எதிர்ப்புக் காட்டினர். கிளப் நியூட்டன் ஹீத் என்ற பெயரில் இருந்த காலத்து நிறங்கள் அவை. துண்டைக் காட்ட உள்ளே போக வேண்டும். உள்ளே போக டிக்கெட் வாங்க வேண்டும். அந்த டிக்கெட் பணம் யாரிடம் போய்ச் சேரும் என்பது இவ்வியலின் எல்லைக்கு அப்பாற்பட்டது (வடக்கு மாடம், 26ஆம் வரிசை, வாய்மொழி).

நிறம்மாற்று முதலாளி: கார்டிஃப் சிட்டி வேல்ஸ் நாட்டதாயினும் இங்கிலாந்து லீகில் ஆடுவதால் ஈண்டு அடங்கும். நீலப்பறவைகள் என்று பட்டப்பெயர் பெற்ற அவ்வணியின் சட்டையை 2012-இல் உரிமையாளர் வின்சென்ட் டான் சிவப்பாக்கினார். 2015 ஜனவரியில் நீலம் திரும்பியது. சிவப்பில் ஆடித்தான் அணி 2013-இல் பிரீமியர் லீகுக்கு ஏறியது. ரசிகர் இதை அறிவார். அறிந்தும் கணக்கில் கொள்ளார். கொள்கைக்கு ஒவ்வாத சான்றை இடைச்செருகல் என்று தள்ளும் முறை வேறு துறைகளிலும் நன்மதிப்புப் பெற்றதே.

பெயர்மாற்று முதலாளி: நியூகாசில், 2011. மைதானத்தின் பெயர் மாறியது, ரசிகரின் வாய் மாறவில்லை.

கோழிவழி முதலாளி: 1995-இல் லீக் பட்டம் வென்ற பிளாக்பர்ன் ரோவர்ஸை 2010 நவம்பரில் புனேயைச் சேர்ந்த வெங்கீஸ் கோழி நிறுவனத்தார் வாங்கினர். அடுத்த மாதமே மேனேஜர் சாம் அலர்டைஸ் நீக்கப்பட்டார். பிறகு ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் அறையில் அமர்ந்து கோழிக்கால் கடிக்கும் விளம்பரம் வந்தது. 2012 மே 7 அன்று அணி சொந்த மைதானத்தில் விகனிடம் தோற்றுப் பிரீமியர் லீகிலிருந்து இறங்கியது. அந்த ஆட்டத்தின் நடுவே கிளப்பின் கொடி போர்த்திய உயிர்க்கோழியொன்று புல்வெளிக்குள் விடப்பட்டது. அது சேவலா பெட்டையா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. டிக்கெட் இல்லாமல் நுழைந்தது என்பதில் உண்டு.

மேனேஜர்

இப்பகுதி சுருக்கமானது, ஏனெனில் எல்லாச் சான்றும் ஒரே முடிவுக்கே இட்டுச்செல்லும். தோற்றால் மேனேஜர் போக வேண்டும். சமனாக முடிந்தால், மாற்று ஆட்டக்காரரை 60ஆம் நிமிடத்திலேயே இறக்காத மேனேஜர் போக வேண்டும். வென்றால் அடுத்த சனிக்கிழமை வரை பார்க்கலாம்.

1989 டிசம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில், மூன்றாண்டாகச் சொன்ன சாக்குப்போக்குப் போதும், கிளம்பலாம் என்ற பொருள்பட ஒரு பதாகை உயர்ந்தது. அது சுட்டிய மேனேஜர் ஃபெர்குசன் 2013 வரை இருந்து 13 லீக் பட்டங்களை வென்றுவிட்டுத் தாமாகக் கிளம்பினார். அன்று மைதானத்தில் இருந்தவர்களை இன்று விசாரித்தால் ஒருவர் விடாமல் எல்லாரும் அவரை அன்றே நம்பியவர்கள். பதாகை தானே எழுந்து நின்றது எனக் கொள்வதன்றி வேறு வழியில்லை (கிழக்கு மாடம், பை வரிசை, மழைநாள், இதே கருத்தை வடக்கு மாடம் மறுக்கிறது, ஆனால் வேறு ஆட்டத்தைப் பற்றி).

வான்வெட்டியல்

கல்வெட்டு, செப்பேடு ஆகியவற்றோடு மூன்றாவதாக வைத்து எண்ணத்தக்கது வான்வெட்டு. சிறு விமானம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதன் வாலில் எழுத்துத் தொடரைக் கட்டி, ஆட்டம் நடக்கும்போது மைதானத்தின் மேல் சுற்றவிடுவது. கல்வெட்டைப் படிக்கிறவர் குனிய வேண்டும். இதைப் படிக்கிறவர் அண்ணாந்து பார்க்க வேண்டும். கழுத்துவலி இரண்டுக்கும் பொது.

வான்வெட்டின் பாடம் நிலையற்றது. விமானம் வட்டமிடுவதால் எந்த மாடத்தில் அமர்ந்தவர் எந்தச் சொல்லை முதலில் காண்கிறாரோ அதுவே அவருக்குத் தொடக்கம். ஆதலால் ஒரே வெட்டுக்கு நான்கு மாடங்களில் நான்கு பாடங்கள் உண்டு. கூரை மறைப்பதால் சில எழுத்துகள் சிதைந்தும் கிடைக்கின்றன. சிதைந்த இடத்தை அவரவர் கொள்கைப்படி இட்டு நிரப்பிக்கொள்வது கல்வெட்டறிஞர் காட்டிய வழி.

அறியவந்துள்ள வெட்டுகளுள் ஒன்று 2014 மார்ச் 29 நாளது. ஓல்டு டிராஃபோர்டின் மேல் பறந்த அதன் கருத்து, மொய்ஸ் தவறான தேர்வு, வெளியேறுக என்பது. அன்று மேனேஜர் மொய்ஸின் அணி ஆஸ்டன் வில்லாவை 4-1 என்று வென்றது. வானில் எழுதியதற்கும் தரையில் நடந்ததற்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்பது பிற்கால உரைகாரர் கற்பனை. ஏப்ரல் 22-இல் மொய்ஸ் நீக்கப்பட்டார். நீக்கியது விமானமா, லீக் அட்டவணையா என்ற வினாவுக்கு விமானப் பள்ளியினரின் விடை தெளிவானது: அட்டவணை பறக்காது.

இதனினும் சிறப்புடையது 2017 மார்ச் 18 நாளது. வெஸ்ட் பிராம்விச்சின் ஹாத்தார்ன்ஸ் மைதானத்தில் மேனேஜர் வெங்கரின் ஆர்சனல் ஆடிக்கொண்டிருக்க, மேலே ஒன்றல்ல, இரண்டு வெட்டுகள் காணப்பட்டன. ஒன்று, புதிய ஒப்பந்தம் வேண்டாம், வெங்கர் வெளியேறுக என்றது. மற்றது, வெங்கரை நம்புகிறோம், அவரை மதியுங்கள் என்றது. ஒரே நாளில், ஒரே வானில், ஒரே கிளப்பின் அடியார் எழுப்பிய மூலமும் மறுப்புரையும் அருகருகே பறந்தது அச்சுலகம் காணாத வேகம். ஓர் ஆய்விதழில் இத்தகைய மறுப்பு வெளிவர மூன்றாண்டு ஆகும். வரும்போது மறுக்கப்பட்டவர் துறைத்தலைவராகியிருப்பார்.

அன்று ஆர்சனல் 3-1 என்று தோற்றது. மே மாதம் எஃப்ஏ கோப்பையை வென்றது. அந்த மாத இறுதியில் வெங்கருக்கு இரண்டாண்டு ஒப்பந்தம் கிடைத்தது. 2018 மே மாதம் அவர் விலகினார். இவற்றால் தம் கட்சியே வென்றதென இரு பள்ளியாரும் இன்றும் நிறுவிவருகின்றனர். ஒப்பந்தப் பள்ளி 'கிடைத்ததல்லவா' என்கிறது, வெளியேற்றப் பள்ளி 'போனாரல்லவா' என்கிறது (திரும்பும் ரயிலில் கழிப்பறைக் கதவருகே நின்றவர் கூறியது, அவருடைய மைத்துனர் மறுத்தார், மறுத்ததை அடுத்த நிலையத்தில் அவரே மறந்தார், சான்றின் பிற்பகுதி பீர் பட்டுச் சிதைந்துள்ளது). டிக்கெட் இன்றி ஆட்டம் பார்த்தோர் பட்டியலில், கோழிக்கு அடுத்தபடியாக அவ்விரு விமானிகளையும் சேர்க்க வேண்டும் என்பது இவ்வாய்வின் பரிந்துரை.

வெங்கர் வெளியேறுக என்னும் வாசகத்தின் பரவல் தனியே ஆராயத்தக்கது. 2017 நவம்பரில் ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில், அதிபர் முகாபே பதவி விலகக் கோரி மக்கள் திரண்ட ஊர்வலத்திலும் ஒருவர் அதை ஏந்தி நின்றார். சில நாளில் முகாபே விலகினார். வெங்கர் அடுத்த மே வரை இருந்தார். மைதானத்திலிருந்து தூரம் கூடக்கூட வாசகத்தின் ஆற்றலும் கூடுகிறது என்ற முடிபு இதனால் பெறப்படும். ஒற்றைப் பானையோட்டைக் கொண்டு கடல்கடந்த பேரரசு ஒன்றை எழுப்பும் அறிஞர்கள் இம்முடிபில் குறை காணமாட்டார்கள்.

டிக்கெட் நெறி

கோட்பாட்டில் மலையேறும் ரசிகர் டிக்கெட் என்றதும் தரைக்கு வருகிறார். சீசன் டிக்கெட் பரம்பரைச் சொத்தின் தன்மையது. ஒருவர் விட்டால்தான் ஒருவருக்கு. உறுப்பினர் சந்தா டிக்கெட்டைத் தருவதன்று, டிக்கெட் கேட்கும் தகுதியைத் தருவது. விருந்துடன் கூடிய இருக்கையில் ஆட்டம் நன்றாகத் தெரியும், பார்க்கத்தான் நேரமிருக்காது. அனுமதியின்றி டிக்கெட்டை மறுவிற்பனை செய்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே அது மெல்லிய குரலில் நடைபெறும்.

தூண் இருக்கை தனி மரபு. 1892-இல் திறந்த குடிசன் பார்க்கில், எவர்ட்டன் ஆடவர் அணி 2025-இல் புதிய மைதானத்துக்குப் போகும்வரை, கூரையைத் தாங்கும் தூண்களுக்குப் பின்னாலும் ஆள் அமர்ந்திருந்தனர். கோல்கம்பத்தின் பாதி தூணுக்குள் போய்விடும். பந்து வலப்பக்கம் மறைந்து இடப்பக்கம் வரும்வரை அருகிலிருப்பவரின் முகத்தைப் பார்த்தே நிலவரம் அறிய வேண்டும். ஆயினும் தற்காப்பு வரிசை குறித்த அவர்களது கருத்து, முழு மைதானத்தையும் கண்டவருடையதைவிட ஒரு பிடி உறுதியாகவே இருந்தது.

வெளியூர் ஆட்டத்துக்கு விதி வேறு. பிரீமியர் லீகில் விருந்தினர் அணிக்குப் பொதுவாக 3,000 இடம். சிறிய மைதானமாயின் பத்திலொரு பங்கு. 2016-17 பருவம் தொட்டு இவற்றின் விலை 30 பவுண்டைத் தாண்டக்கூடாது. பெரிய கிளப்புகளில் இவை விசுவாசப் புள்ளி வரிசைப்படி தரப்படும். முன்பு போனவருக்குப் புள்ளி. புள்ளி உள்ளவர்தான் போகலாம். முதன்முதலில் போனவர் எப்படிப் போனார் என்பது உலகத் தோற்றம் பற்றிய வினாக்களோடு வைத்து ஆராயத்தக்கது.

இணைய வரிசையே இன்றைய பெருவழக்கு. விற்பனை காலை பத்து மணிக்கென்றால் ரசிகர் ஒன்பதரைக்கே அலுவலகக் கணினியில் ஒரு சன்னல், கைப்பேசியில் ஒன்று, மனைவியின் கைப்பேசியில் ஒன்றெனத் திறந்துவைத்திருப்பார். பத்தடித்ததும் முன்னால் நிற்போர் எண்ணிக்கை ஐந்திலக்கத்தில் தோன்றும். திரையில் ஒரு கோட்டின் மேல் சிறிய மனித உருவம் மெல்ல நகரும். பக்கத்தைப் புதுப்பிக்காதீர், இடம் போய்விடும் என்ற எச்சரிக்கையும் இருக்கும். முக்கால் மணி கழித்து அவர் முறை வரும்போது மைதானப் படத்தில் ஒரே ஒரு நீலப் புள்ளி மிஞ்சியிருக்கும்; விரல் படுவதற்குள் சாம்பலாகும். அந்த முக்கால் மணி நேரமும் கிளப்பின் கணினிப் பிரிவு, நிர்வாகக் குழு, இடப்பக்கத் தற்காப்பு ஆட்டக்காரர் ஆகிய மூவரையும் நீக்க வேண்டும் என்பதற்கான வாதங்கள் அவரிடம் முதிர்ந்திருக்கும். நீலப் புள்ளி சிக்கிவிட்டாலோ மூவரும் மன்னிக்கப்படுவர்.

முன்னர்க் கூறிய விதிவிலக்கு

4.1 எழுபத்தேழாம் நிமிடம். (4.2 இல்லை, 1 முதல் 3 வரையும் இல்லை. எண்ணிட்ட உட்பிரிவு ஒன்றேனும் இன்றேல் ஆய்வென ஏற்கப்படாது.)

லிவர்பூல் கிளப் தன் மைதானமான ஆன்ஃபீல்டில் புதுப்பித்துவந்த பிரதான மாடத்தில் உயர்ந்த டிக்கெட்டுக்கு 77 பவுண்டு என்று அறிவித்தது. 2016 பிப்ரவரி 6 அன்று சண்டர்லாந்துடன் ஆட்டம். லிவர்பூல் 2-0 என முன்னிலையில் இருந்தது. 77ஆம் நிமிடம் வந்ததும் சுமார் 10,000 பேர் எழுந்து வெளியே நடந்தார்கள். நிர்வாகக் கோட்பாடும் டிக்கெட் நெறியும் ஒரே காலில் ஒரே படிக்கட்டில் இறங்கிய நிகழ்ச்சி இது. எஞ்சிய நிமிடங்களில் சண்டர்லாந்து இரண்டு கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தது. சில நாளில் உரிமையாளர்கள் வருத்தம் தெரிவித்து அந்த விலையைக் கைவிட்டனர். பணம் கொடுத்து வாங்கிய பதின்மூன்று நிமிடத்தைத் துறந்ததால் விலை குறைந்ததா, இரண்டு கோலைக் காணாது தப்பியதே பெரும்பேறா என்பதில் உள்ளே தங்கியோரும் வெளியே நின்றோரும் மாறுபடுவர்.

இதற்குப் பிற்பட்ட மாற்றங்களில் குறிப்பிடத்தக்கது 2025ஆம் ஆண்டுக் கால்பந்து ஆளுகைச் சட்டம். கால்பந்துக்கென்று தனி ஒழுங்காற்றுநரை அமைக்கும் இச்சட்டத்தின்படி டிக்கெட் விலை உள்ளிட்டவை குறித்துக் கிளப்புகள் ரசிகரைக் கலந்தாலோசிக்க வேண்டும். விலையை நிர்ணயிப்பது கிளப்பே. சின்னத்தையும் சட்டை நிறத்தையும் முதலாளி நினைத்தபடி மாற்றிவிட முடியாது. கோழிகள் குறித்துச் சட்டம் மௌனம் சாதிக்கிறது. கலந்தாலோசனைக் கூட்டத்தில் அனைவருக்கும் இடமிருக்காதாகையால், உள்ள நாற்காலிகளை விசுவாசப் புள்ளிப்படி தருவதா, குலுக்கலில் தருவதா, காலை பத்து மணிக்கு இணையத்தில் திறந்துவிடுவதா என்பதில் வடக்கு மாடமும் கிழக்கு மாடமும் இன்னும் உடன்படவில்லை.