ஒன்பது கொத்தும் ஒரு மாமனாரும்

பெரம்பலூர்ப் பக்கம் ஒருவன் டிராக்டர் வாங்கினால் ஊரார் வாழ்த்திவிட்டுப் போய்விடுவார்கள். கலப்பை வாங்கப் போகிறான் என்று தெரிந்தால்தான் துண்டை உதறிப் போட்டு உட்காருவார்கள். டிராக்டருக்குக் கடன் வங்கி கொடுக்கிறது, நிறத்தைக் கம்பெனி முடிவு செய்கிறது. பேச அதில் என்ன இருக்கிறது? கலப்பையைப் பற்றிக் கருத்துச் சொல்ல நிலம்கூட வேண்டியதில்லை. எங்கள் ஊர் டீக்கடைக்காரர் ஆயுசில் மண்வெட்டி பிடித்தவரில்லை. சட்டிக் கலப்பையின் சட்டி எந்தச் சாய்வில் மண்ணுக்குள் இறங்க வேண்டும் என்பதை எனக்கு டீ டம்ளரைச் சாய்த்துக் காட்டி விளக்கினார். டீயும் என் டீதான்.

என் சங்கடம் மற்றவர்களுடையதைப் போல இரண்டு மடங்கு. எனக்கு நிலம் பெரம்பலூர் மாவட்டத்தில் குன்னம் பக்கம், கரிசல். மனைவி வழியில் வந்தது அரியலூர் மாவட்டத்தில் ஆண்டிமடம் பக்கம், செம்மண், ஓரத்தில் முந்திரி. டிராக்டர் ஒன்றே ஒன்று. திருச்சியிலிருந்து 1995இல் பெரம்பலூரைப் பிரித்தார்கள். அதிலிருந்து 2001இல் அரியலூரைப் பிரித்து, மறு வருஷமே சேர்த்து, 2007இல் மறுபடியும் பிரித்தார்கள். மாவட்டத்தைப் பிரிக்கவும் சேர்க்கவும் ஓர் அரசாணை போதும். இரண்டு மாவட்டத்துக்கும் ஒத்துப்போகிற மாதிரி ஒரு கலப்பையைக் காட்டச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

கரிசலுக்கு நடுத்தரமான குணமே கிடையாது. நனைந்தால் டயரோடு ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்து, இறங்குகிற கொழுவை மரியாதையாகத் திருப்பி அனுப்பும். இரண்டுக்கும் நடுவே பதம் என்று சில நாள் உண்டு. அந்த நாட்களில் எங்கள் பக்கம் யாரும் கல்யாணத்துக்குக்கூடப் போவதில்லை. செம்மண் சாது. மழை விட்ட மறுநாளே உழவுக்கு நிற்கும். ஆனால் வருஷா வருஷம் ஒரே ஆழத்தில் கீறிக் கீறி, அடியில் ஒரு தளம் இறுகிப்போயிருக்கும். வேரும் இறங்காது, தண்ணீரும் இறங்காது. அதை உடைக்க உளிக் கலப்பையை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை குறுக்கும் நெடுக்குமாக ஓட்டச் சொல்கிறது வேளாண்மைப் பல்கலைக்கழகம். என் மாமனார் அந்தத் தளத்தை நம்புவதில்லை. கண்ணால் பார்க்காத எதையும் அவர் நம்புவதில்லை, குலதெய்வம் நீங்கலாக.

அவர் கட்சி சட்டிக் கலப்பை. "மாப்ள, கல்லு வந்தாலும் வேரு வந்தாலும் சட்டி ஏறி இறங்கிப் போயிடும். மத்ததெல்லாம் முட்டிக்கிட்டு நிக்கும்" என்றார். சொன்னது உண்மைதான். சட்டி உருளும் பொருள், தடையை உரசிக்கொண்டு கடந்துவிடும். ஆனால் அவர் குரலில் கலப்பையைவிடக் குடும்ப வாழ்க்கைக்கான அறிவுரையே அதிகம் தொனித்தது.

விற்பனைப் பிரதிநிதியின் கட்சி ரொட்டவேட்டர். 5 அடிக்கு 36 கத்தி, 6 அடிக்கு 42 கத்தி, பி.டி.ஓ. 540 சுற்று என்று மனப்பாடமாக ஒப்பித்தார். மக்காச்சோளத் தட்டையையும் பருத்திமாரையும் துண்டு துண்டாக நறுக்கி மண்ணோடு கலந்துவிடும். ஒரே ஓட்டில் விதைக்கலாம். மக்காச்சோளம், பருத்தி இரண்டுக்கும் பேர்போன பெரம்பலூரில் இந்த வாதத்துக்கு மறுவாதம் கிடையாது. "அண்ணே, வாங்குனா இதுதாண்ணே" என்று என் டிரைவரும் சேர்ந்துகொண்டான். அவனுக்கு ஒரே ஓட்டு என்றால் சீக்கிரம் வீடு. ஆனால் மேலே மாவாக அரைத்துவிட்டுக் கீழே மண்ணை இறுக்குவதும் அதே ரொட்டவேட்டர்தான். மேலும் 2018இல் படைப்புழு வந்து எங்கள் மக்காச்சோளத்தைச் சல்லடையாக்கிய பிறகு அதிகாரிகள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது ஆழமான கோடை உழவு. மண்ணுக்குள் படுத்திருக்கும் கூட்டுப்புழுவைப் புரட்டி மேலே போட்டால் வெயிலும் மைனாவும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

"கல்லில் பட்டாலும் கத்தி தாங்குமா?" என்று விற்பனைப் பிரதிநிதியிடம் கேட்டேன். "எந்த மண்ணா இருந்தாலும் தாங்கும் சார்" என்றார். அவர் வெளியூர். எங்கள் மண் கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் கடல் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. காரைப் பக்கம் மழை அரித்த ஓடைகளில் அம்மோனைட் கிடக்கும். சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீள மரம் ஒன்று கல்லாகப் படுத்திருப்பதை 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டுசொன்னார். செந்துறைப் பக்கம் 2009இல் டைனோசர் முட்டைகளே கிடைத்தன. இந்தக் கடல் சுண்ணாம்பை நம்பித்தான் அரியலூரில் இத்தனை சிமென்ட் ஆலைகள். டைனோசர் முட்டையில் மோதிய கத்திக்கு வாரண்டி உண்டா என்று கேட்டதற்கு, மேனேஜரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

நடுவில் மானியம் நுழைந்தது. 2014-15இல் வந்த வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் பொதுவாக 40 சதவீதம். சிறு, குறு விவசாயிக்கும் பெண்களுக்கும் 50. குன்னம் பட்டாவில் என் பெயரும் ஆண்டிமடம் பட்டாவில் மனைவி பெயரும் இருந்தன. பெண் விடுதலையில் எனக்கு அன்றுதான் முழு நம்பிக்கை பிறந்தது. அவள் படிவத்தை வாங்கி நிதானமாகப் படித்துவிட்டு, "என் பேர்ல வாங்கினா முதல் உழவு ஆண்டிமடத்துலதான்" என்றாள். மாமனார் அன்று ரசத்தை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இதே சமயம் டொரண்டோவில் இருக்கும் மச்சான் மகனும் தன் பிக்கப் வண்டிக்குப் பனி தள்ளும் பலகை தேடிக்கொண்டிருந்தான். நேர் பலகையா, நடுவில் மடங்குகிற 'வி' பலகையா என்று அவனுக்குக் குழப்பம். வீடியோவில் காட்டினான். பனிக்கடியில் மறைந்த நடைபாதை விளிம்பில் இடித்தால் பலகை மடங்கி, ஸ்பிரிங் இழுத்து நிமிர்த்திவிடுமாம். நம் பக்கம் ஓடுகிற, ஸ்பிரிங் வைத்த ஒன்பது கொத்துக் கலப்பையிலும் கல்லில் பட்ட கொத்து அப்படித்தான் பின்வாங்கித் திரும்பும். அவனுக்குப் பாரம் முன்னால் தொங்குவதால் பின்பெட்டியில் மணல் மூட்டை. நமக்குக் கலப்பை பின்னால் தொங்குவதால் மூக்கில் இரும்பு எடைகள். பேரனை மாமனார் விசாரித்தார்.

"தள்ளி ஓரமா குவிக்கிறியே, அதை அப்புறம் யாரு அள்ளுறது?"

"ஏப்ரல்ல தானா உருகிடும் தாத்தா."

"அப்ப ஏப்ரல் வரைக்கும் சும்மா இருந்தா என்ன?"

பக்கத்து வீடுகளுக்கும் காசுக்குத் தள்ளிக் கொடுக்கப் போகிறான் என்று சொன்ன பிறகுதான் முகம் தெளிந்தது. "வாடகைக்கு ஓட்டுறியா? அதைச் சொல்லு முதல்ல!"

கடைசியில் ஒன்பது கொத்துதான் வாங்கினோம். 45 எச்.பி. வண்டி திணறாமல் இழுக்கும். இரண்டு மண்ணையும் சுமாராகச் சமாளிக்கும். யாருக்கும் முழுத் திருப்தி இல்லாததால் யாருக்கும் தோல்வியும் இல்லை. உளிக் கலப்பையை வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்கு எடுத்துக்கொள்வது என்றும், சட்டிக் கலப்பையைப் பற்றி மாமனார் இருக்கும்போது பேசுவதில்லை என்றும் முடிவாயிற்று.

ஆண்டிமடத்தில் ஒப்பந்தப்படி முதல் உழவு நடந்தது. பிறகு குன்னத்தில் மழை பெய்து விட்டு, கரிசல் பதத்துக்கு வந்தது. விடியற்காலையில் டிரைவருக்குப் போன் போட்டேன். பின்னணியில் டிராக்டர் உறுமியது.

"அண்ணே, மேலத்தெருவுல புது ரொட்டவேட்டர் ஒண்ணு எடுத்துருக்காங்கண்ணே. இன்னிக்கும் நாளைக்கும் இங்கதான். சும்மா பஞ்சு மாதிரி போகுதுண்ணே!"