இதர விஷயங்கள்

கூட்ட அழைப்புக் கடிதத்தின் கடைசி வரியில் "இதர விஷயங்கள்" என்று ஒன்று இருக்குமே, அதற்காகவே பிறந்த மனிதர் ஒருவர் எல்லாத் தோட்டத்திலும் உண்டு. கேமரன் மலையில் ரிங்லெட் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. குளிரில் பேசினால் உடம்பு சூடாகும் என்பது காரணமாக இருக்கலாம். மற்றவர்கள் வரவேற்புரை, சென்ற கூட்டக் குறிப்பு, வரவு செலவு என்று ஒவ்வொன்றாகக் கடந்துகொண்டிருக்க, இவர் ஸ்வெட்டர் கழுத்தை இழுத்துவிட்டுக்கொண்டு காத்திருப்பார். தலைவர் "இதர..." என்று வாயெடுத்ததும் எழுந்துவிடுவார். கையில் மடித்த தாள் ஒன்று இருக்கும். அது வெற்றுத்தாள் என்று பின்வரிசைப் பையன்கள் சொல்வது வீண்பழி. அது கரண்டு பில், பின்பக்கம்தான் வெற்று.

"தலைவரே, ஒரே ஒரு நிமிஷம்."

பெயர் வேண்டாம். போட்டால் ஹாபு, பெர்த்தாம் வேலி, போ தோட்டம் என்று நாலு பக்கமிருந்தும் "என்னைத்தானே எழுதினே?" என்று ஆள் வரும். அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம். தேயிலைக் காட்டில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் பெரட்டுக்கு ஆள் கணக்கெடுத்த பழக்கம் இன்னும் விடவில்லை. எந்த மண்டபத்தில் நுழைந்தாலும் முதலில் தலைகளை எண்ணுவார். கோயில் கமிட்டியில் முன்னாள் துணைச் செயலாளர், தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் கணக்காய்வாளர். மற்ற எல்லாச் சங்கங்களிலும் அழைக்காமலே வரும் சிறப்பு விருந்தினர்.

கவுன்சிலர் பதவி மட்டும் அமையவில்லை. இதை அவருடைய தனிப்பட்ட துக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. மலேசியாவில் ஊராட்சி மன்றங்களுக்குத் தேர்தலே கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. 1951-இல் ஜார்ஜ் டவுனில் முதல் தேர்தல் நடந்தது. இந்தோனேசியா நம்மோடு மல்லுக்கு நின்ற நேரத்தில், 1965-இல், அதை நிறுத்தி வைத்தார்கள். திரும்ப நடத்தலாமா என்று ஆராய ஆதி நாகப்பன் தலைமையில் அரச ஆணையம் அமைத்தார்கள். நடத்தலாம் என்று ஆணையம் 1968-இல் அறிக்கை கொடுத்தது. கொடுத்ததற்கு நன்றி சொல்லி, 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தில் தேர்தலை ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். தலைவர் நீங்கலாக எட்டுக்குக் குறையாமல், இருபத்து நான்குக்கு மேல் போகாமல் கவுன்சிலர்கள். அத்தனை பேரையும் மாநில அரசே நியமிக்கும்.

அண்ணனுக்கு இந்த வரலாறு தலைகீழ்ப் பாடம். கோயில் திருவிழாவுக்குப் பந்தல்காரர் யார் என்ற விவாதத்தில்கூட ஆதி நாகப்பன் அறிக்கை வந்துவிடும். "நம்ம ஆளு எழுதினது. அன்னைக்கே கேட்டிருந்தா..." என்று நிறுத்துவார். கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவர் சொல்வதில்லை. கேட்பவர்களுக்குத் தெரியும்.

அதே 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்றொரு பிரிவு இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த அன்று அண்ணன் தோட்டத்து ஆட்களுக்கெல்லாம் தே தாரிக் வாங்கிக் கொடுத்தார். போய் உட்காரலாம், கேட்கலாம், பேசத்தான் முடியாது. யாரோ அதைச் சொன்னதும் அண்ணன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். பேசக்கூடாத கூட்டத்துக்குப் போவதும் சமைக்கிற வீட்டில் விரதம் இருப்பதும் ஒன்றுதானே.

2020 மார்ச் 16 இரவு பிரதமர் முகைதீன் தொலைக்காட்சியில் தோன்றி, கொரோனாவைத் தடுக்க 18-ஆம் தேதி முதல் நடமாட்டக் கட்டுப்பாடு என்றார். ஊர் அரிசிக்கும் மாவுக்கும் ஓடியது. லாரிகளும் மொத்தச் சந்தைகளும் தடுமாறியதில் கேமரன் மலைத் தோட்டக்காரர்கள் பறித்த காய்கறியைக் கொட்டிவிட்டுத் தலையில் கை வைத்தார்கள். அண்ணன் காதில் விழுந்தது வேறு: கூட்டம் கூடக் கூடாது. நோயைப் பற்றி அவருக்கு ஆயிரம் கேள்வி இருந்தது. நின்று கேட்க இடம் இல்லாமல் போனதுதான் நோயாகப்பட்டது.

இரண்டு நாள் தாங்கினார். மூன்றாம் நாள் பேரனைக் கூப்பிட்டு வாட்ஸ்அப்பில் குழு தொடங்கச் சொன்னார். எழுபத்தெட்டுப் பேர். தலைவர் யார் என்று முடிவாகாததால் அண்ணன் "இடைக்காலமாக" அட்மின் ஆனார்; இன்றுவரை இடைக்காலம்தான். அவர் தட்டச்சு செய்வதில்லை. குரல் செய்திதான். ஒவ்வொன்றும் நாலு நிமிஷத்துக்குக் குறையாது. முதல் நிமிஷம் முழுக்க, பேச வாய்ப்பளித்த தலைவருக்கு, அதாவது தனக்கே, நன்றி.

முதல் விவாதம் சுடுதண்ணீர். சுகாதார அமைச்சராக இருந்த அடாம் பாபா தொலைக்காட்சியில் வெதுவெதுப்பான தண்ணீர் குடித்தால் கிருமி வயிற்றுக்கு இறங்கி அமிலத்தில் செத்துவிடும் என்றார். டாக்டர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். எங்கள் ஊருக்கு அது கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டது. 1929-இலிருந்து இந்த மலையில் தேயிலை போட்டு வெந்நீரை நம்பியே வயிறு வளர்த்த ஜனங்கள். வெந்நீரால் ஆகும் என்றால் மருந்து எங்கள் கையில். ஆகாது என்றால் அது தேயிலைக்கு அவமானம். அண்ணன் இரண்டு பக்கத்துக்கும் வாதாடினார். குழு மூன்று நாளில் பிளவுபட்டு, பால் போட்டதா போடாததா என்ற துணைத் தலைப்பில் போய் நின்றது.

அடுத்தது குடும்பத் தலைவர் விவகாரம். வீட்டுக்கு ஒருவர், அதுவும் குடும்பத் தலைவர்தான் சாமான் வாங்கப் போக வேண்டும் என்று உத்தரவு. யார் தலைவர்? அண்ணன் பதினோரு குரல் செய்திகளில் இதை ஆராய்ந்தார். அண்ணி ஒன்றும் பேசவில்லை. பையையும் பட்டியலையும் கையில் கொடுத்து அனுப்பினார். காய்கறியே விளைகிற மலையில் முப்பது வருஷம் வாழ்ந்தவர், கொத்தமல்லி என்று செலரியைக் கட்டுக்கட்டாக வாங்கி வந்தார். சவி என்று எழுதியிருந்ததற்கு எந்தச் சவி என்று கேட்டுக் கடைக்காரச் சீனர் நாலு வகையைக் காட்ட, நாலையும் தூக்கி வந்துவிட்டார். அன்று ராத்திரி குழுவில் ஒரு வரி எழுத்தாகவே வந்தது. அண்ணியின் கைவண்ணமாக இருக்க வேண்டும். "தலைவர் பொறுப்பு ஒத்திவைக்கப்படுகிறது."

ஏப்ரலில் பத்து கிலோமீட்டர் கட்டுப்பாடு வந்தது. வீட்டிலிருந்து அதற்குள்தான் போக்குவரத்து. மாவட்ட மன்றம் இருப்பது தானா ராத்தாவில். ரிங்லெட்டிலிருந்து பன்னிரண்டு, பதிமூன்று கிலோமீட்டர். அண்ணன் வாழ்க்கையில் வந்த பெரிய சட்டச்சிக்கல் இது. பத்து கிலோமீட்டர் விதியைப் பற்றிப் புகார் கொடுக்க வேண்டும். கொடுக்கிற இடமோ பத்து கிலோமீட்டருக்கு வெளியே. மலைப்பாதையின் வளைவுகளைக் கழித்து, காக்கை பறக்கிற கணக்கில் பார்த்தால் உள்ளே வரும் என்று பேரனின் அடிக்குச்சியை வரைபடத்தில் வைத்து நிரூபித்தார். அதே வரைபடத்தோடு மோட்டார் சைக்கிளில் கிளம்பி ரோட் பிளாக்கில் மாட்டினார். எங்கே என்று போலீஸ்காரர் கேட்டார். அண்ணன் ஊராட்சிச் சட்டத்திலிருந்து ஆரம்பித்தார். பின்னால் ஏழு லாரி வரிசை கட்டியதும் போலீஸ்காரர் சல்யூட் வைத்து, "வீட்டுக்குப் போங்க பாக்சிக்" என்றார். சல்யூட் வாங்கிய விஷயம் மட்டும் குழுவில் பதிவானது.

குப்பை லாரி, சாக்கடை, மருந்து தெளிப்பு எல்லாம் நடுநடுவே வந்து போயின. தெருவிளக்கைக் கேட்டால் மின்வாரியம் என்பார்கள், கால்வாயைக் கேட்டால் இன்னொரு இலாகா என்பார்கள். லயத்துக்குள் எது கேட்டாலும் "தோட்டம் தனியார் நிலம்" என்ற ஒரே பதில். இது மலேசியத் தோட்டத் தமிழர் மூன்று தலைமுறையாகக் கேட்டுப் பழகிய பாட்டு. அண்ணன் எல்லாவற்றுக்கும் புகார் பாரம் நிரப்புவார். மூன்று பிரதி. ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று தனக்கு, ஒன்று சரித்திரத்துக்கு.

சிரித்துக்கொண்டே போகிறேன், ஒரு இடத்தில் சிரிப்பு வராது. காய்கறித் தோட்டங்களில் வேலை செய்யும் வங்காளதேச, நேப்பாள, மியன்மார்ப் பையன்களைப் பற்றிக் குழுவில் பேச்சு வந்தது. "இவனுங்களாலதான் வருது, ஊருக்குள்ளயே விடக்கூடாது" என்று ஒருவர் எழுத, கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன. ஒரு கொங்சியில் பத்துப் பதினைந்து பேரை அடைத்து வைத்துவிட்டு இடைவெளி விட்டு நில் என்றால் எங்கே நிற்பான்? தொழிலாளர் குடியிருப்புக்கான 446-ஆம் சட்டம் 1990-இலேயே வந்தது. திருத்தி எல்லாத் துறைக்கும் என்று நீட்டியது 2020 ஜூனில்தான் நடப்புக்கு வந்தது. அண்ணன் அன்று நாற்பது நொடியில் பேசி முடித்தார். நன்றியுரைகூட இல்லை.

"நம்ம தாத்தன் கப்பலேறி வந்தப்ப பினாங்குல ஜெரெஜாக் தீவுல எறக்கி அடைச்சு வச்சாங்க. அப்ப கிருமின்னு சொன்னது நம்மளைத்தான். அவனுங்களுக்கு அரிசி போச்சான்னு யாராச்சும் பாத்தீங்களா? அதச் சொல்லுங்க மொதல்ல."

குழுவில் ஒரு மணி நேரம் சத்தமில்லை. அப்புறம் யாரோ ரோஜாப் பூப் படம் போட்டு இனிய காலை வணக்கம் என்றார்கள். நேரம் அப்போது மாலை ஐந்து. ஆனால் மறுநாள் பெண்கள் நாலு பேர் சேர்ந்து அரிசி, பருப்பு, எண்ணெய் கட்டி அனுப்பினார்கள். எந்தத் தீர்மானமும் போடாமல், எந்தக் குழுவிலும் சொல்லாமல் நடந்தது அது. தன் பேச்சின் விளைவு என்று அண்ணன் நினைத்துக்கொண்டிருக்கிறார். அரிசி அதற்கு முன்னாடியே கட்டியாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

பிறகு கூட்டங்கள் கூகுள் மீட்டுக்கு மாறின. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அண்ணன் மைக்கைத் திறக்காமலே பேசினார். கை வீசுகிறது, நெற்றி சுருங்குகிறது, மேசை தட்டப்படுகிறது, ஒலி மட்டும் இல்லை. யாரும் சொல்லவில்லை. அருமையான பேச்சு என்று இரண்டு பேர் கைதட்டும் படம் போட்டார்கள். 2021 பிப்ரவரியில் இங்கிலாந்தின் ஹேண்ட்ஃபோர்த் கிராம மன்றத்து ஜூம் கூட்டம் உலகமெல்லாம் சுற்றியது. ஜாக்கி வீவர் என்ற அம்மா, உனக்கு இங்கே அதிகாரமில்லை என்று சொன்ன தலைவரையே தூக்கிக் காத்திருப்பு அறையில் போட்ட கூட்டம். துணைத் தலைவர் விதிமுறையைப் படி என்று கத்துவார். அண்ணனுக்கு ஆங்கிலம் அரைகுறை. இருந்தும் ஒரு சொல் விடாமல் புரிந்தது. ஓட்டுப்போட்டு ஆள் எடுக்கிற ஊரிலும் நிலைமை இதுதான் என்று பார்த்ததும் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல், கொஞ்சம் பொறாமை. "நம்மளுக்கும் எலெக்‌ஷன் இருந்தா இப்படித்தான் ஜோரா இருக்கும்" என்றார்.

தடுப்பூசிக்கு அவர் எழுப்பாத சந்தேகம் இல்லை. போடுகிற அன்று வரிசையில் முதல் ஆளாகவும் நின்றார். போட்ட பிறகு பதினைந்து நிமிஷம் நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். சுற்றிலும் இருபது பேர். யாரும் எழுந்து போக முடியாது. மைக்கைத் திறக்கிற தொல்லையும் இல்லை. அண்ணன் தலைகளை எண்ணினார், கோரம் சரி. முகக்கவசத்தை மூக்குக்கு மேலே ஏற்றிவிட்டு, ரிங்லெட் சந்தைக்குப் பின்னால் ஓடும் கால்வாயிலிருந்து தொடங்கினார். இடப்பக்கத்துக் கிழவர் ஒத்துக்கொண்டார், வலப்பக்கத்து அக்கா மறுத்தார், பின்னால் ஒரு மலாய்க்கார ஆசிரியர் மலாயில் திருத்தம் கொண்டுவந்தார். விவாதம் சூடுபிடித்து வாக்கெடுப்புக்கு வருகிற நேரத்தில் தாதி வந்து நின்றாள்.

"அங்கிள், உங்க பதினஞ்சு நிமிஷம் முடிஞ்சு அரைமணி ஆச்சு. நாற்காலி வேணும், எழுந்திரிங்க."